மதுவிலகல் நடுக்கப் பிதற்றல்

மதுவிலகல் நடுக்கப் பிதற்றல் அல்லது டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பது, நெடுங்காலம் மிகுதியாக மது அருந்தியவர் அதனைத் திடீரென நிறுத்தும்போது மூளையில் ஏற்படும் கடுமையான கோளாறு ஆகும். இப்பெயரை 1813இல் ஆங்கிலேய மருத்துவர் தாமசு சட்டன் வழங்கினார்.

காரணம்

மது, நரம்புக் கலங்களை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளைத் தூண்டுகின்றது. கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் செயலை ஒடுக்குகின்றது. இதனை ஈடுசெய்ய மூளை நாளடைவில் முன்னதன் உணர்திறனைக் குறைத்து, பின்னதன் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கின்றது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒருசேர அழுத்தப்பட்ட வண்டியில் பிரேக்கை மட்டும் விடுவதற்கு, மதுவைத் திடீரென நிறுத்துவதை ஒப்பிடலாம்.

அறிகுறிகள்

கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தோன்றும். 6 முதல் 48 மணி நேரத்திற்குள் வலிப்பு வரலாம். பிதற்றல் பெரும்பாலும் 48 முதல் 96 மணி நேரத்தில் தொடங்குகின்றது. நோயாளி இடமும் நாளும் அறியார். உடலில் பூச்சி ஊர்வதாகக் காண்பார். காய்ச்சலும் இதயத் துடிப்பும் மிகும். விபத்தில் எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் பிதற்றுவது இதனாலும் இருக்கலாம். குடிப்பழக்கத்தை உறவினர் மருத்துவரிடம் மறைப்பதே இங்கு பெருந்தடை. பேய் பிடித்ததாகக் கருதிக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதும் உண்டு; அவ்வாறு கழியும் நேரம் உயிருக்கே ஊறாகலாம். சிகிச்சை இன்றேல் மூவரில் ஒருவர் வரை இறக்கக்கூடும். உரிய சிகிச்சையில் இது 5 விழுக்காட்டிற்கும் குறைவு.

2020 ஊரடங்கு

தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம் உள்ளது. 2020 மார்ச்சு இறுதியில் கடைகள் அனைத்தும் மூடப்பட்டு, மே 7 அன்று சென்னை நீங்கலாகத் திறக்கப்பட்டன. இதனால், குடிப்பழக்கத்திற்கு அடிமையானோர் பலர் எவ்வித மருத்துவ ஆயத்தமும் இன்றி ஒரே நேரத்தில் குடியை நிறுத்த நேர்ந்தது. கேரளத்தில் மருத்துவர் பரிந்துரையின்பேரில் மது வழங்க அரசு ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

சிகிச்சை

டயசிபம், லோராசிபம் போன்ற மருந்துகள் தரப்பட்டுப் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. ஈரல் பழுதுற்றோர்க்கு லோராசிபம் ஏற்றது. தயமின் எனும் உயிர்ச்சத்து பி1 ஊசியும் இன்றியமையாதது. தீட்டிய அரிசிச் சோற்றில் இச்சத்து குறைவு. குடிப்பவரோ அதனையும் சரிவர உண்பதில்லை. தயமின் குறைந்தால் கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம், மனக்குழப்பம் கொண்ட வெர்னிக்கி நோய் உண்டாகி, நிலையான மறதியில் முடியலாம். எனவே குளுக்கோசு ஏற்றுவதற்கு முன்போ அதனுடனோ தயமின் தரப்படுகின்றது.

வலிப்போ பிதற்றலோ கண்டால் 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை உள்ளது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது.