மொட்டைமாடியில் கண்ணாடி அறை: ஒரு புதுச்சேரிக் கணக்கு

புதுச்சேரி ஒயிட் டவுனில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஓர் ஆசை வந்திருக்கிறது: மொட்டைமாடியில் கடல் பார்த்தபடி ஒரு கண்ணாடி அறை. நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.4 மீட்டர். தெற்கில் ஏற்கெனவே சுவர் இருக்கிறது. மற்ற 3 பக்கமும் கூரையும் கண்ணாடி. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கண்ணாடி: பக்கங்களுக்கு 24 சதுர மீட்டர், கூரைக்கு 12. மொத்தம் 36 சதுர மீட்டர், அதாவது 387 சதுர அடி.

விலை: பொருத்துக்கூலி சேர்த்துச் சதுர அடிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,87,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி 69,660. ஆகமொத்தம் 4,56,660. உங்கள் ஒப்பந்தக்காரர் சொல்லும் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் 304 ரகத் துருப்பிடிக்கா எஃகு கறைபடும். திருகும் கொக்கியும் 316 ரகமாக இருக்கட்டும்.

எடை: 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. 36 சதுர மீட்டருக்கு 1,080 கிலோ. சட்டங்களின் எடை தனி. இவ்வளவையும் தாங்க வேண்டியது மெட்ராஸ் டெரஸ்: மர உத்தரம், அதன்மேல் செங்கல், சுண்ணாம்புக் காரை. பக்கக் கண்ணாடி மட்டும் ஓரத்தில் மீட்டருக்கு 72 கிலோ அழுத்தும். உத்தரத்தின் முனை உளுத்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு சட்டமும் ஏற்றக் கூடாது.

காற்று: இந்தியத் தர விதியில் புதுச்சேரியின் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம். 4 மீட்டர் பக்கம் ஒன்றின்மேல் மட்டும் 1,440 கிலோ.

மழை: 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 12 சதுர மீட்டர் கூரையில் அது 4,800 லிட்டர். வடிகுழாய் சரியில்லை என்றால் காரை வழியே உத்தரத்துக்கு இறங்கும்.

வெயில்: செலவு ஓயாத இடம் இதுதான். ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களின் 21-ஆம் தேதி வாக்கில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும். சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்றால் கூரையில் விழுவது 12 கிலோவாட். சாதாரணக் கண்ணாடி 70% உள்ளே விட்டால் 8.4 கிலோவாட். அதை வெளியேற்ற 2.4 டன் ஏசி வேண்டும், மணிக்கு 2.8 யூனிட் போகும். தினம் 4 மணி நேரம் ஓடினால் மாதம் 336 யூனிட்.

மாற்றுக் கணக்கு: வடக்குப் பக்கம் மட்டும் கண்ணாடி, 103 சதுர அடி. கூரைக்கு மங்களூர் ஓடு, மற்ற 2 பக்கமும் மரச்சட்ட ஜன்னல். கூரை அரை மீட்டர் வெளியே நீண்டால், சூரியன் வடக்கே சாயும் ஜூன் மாத நண்பகலிலும் கண்ணாடியில் நேர்வெயில் படாது. ஓடு சதுர மீட்டருக்கு 65 கிலோ என்றால் கூரை 780, கண்ணாடி 288, சேர்த்து 1,068 கிலோ. கூரையின் நீட்சியும் ஜன்னல் எடையும் இதற்கு மேல். ஆகவே எடையில் லாபம் கிடையாது. கண்ணாடியில் 284 சதுர அடி குறைவதால் வரியோடு 3,35,120 ரூபாய் மிச்சம். ஓட்டுக்கும் மரத்துக்கும் அதில் செலவிடலாம்.

கடலோர ஒழுங்குமுறை விதி உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை எட்டும். எனவே கண்ணாடிக்கு முன்பணம் தருமுன் கட்டமைப்புப் பொறியாளரையும் நகர அமைப்புக் குழுமத்தையும் பாருங்கள். அனுமதி கிடைத்தாலும் கண்ணாடிக் கூரை வேண்டாம். இந்த ஊர் வெயிலுக்கு அது நஷ்டக் கணக்கு.