கடலிலும் ஒரு விதைநெல்

விதைநெல்லைக் குத்தி உண்ணலாகாது என்பதை நம் உழவர் பெருமக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கடலிலும் அவ்வாறு விதையாகக் காக்க வேண்டிய இடங்கள் உண்டு. அவையே பவளப் பாறைகள். அவற்றைக் காத்து, அதனால் வருவாயும் பெற்ற ஒரு சிற்றூரின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பவளப் பாறை வெறுங்கல் அன்று. வெப்பமான, ஆழம் குறைந்த, தெளிந்த கடலில் நுண்ணிய உயிர்கள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்பினால் கட்டிய வீடே அது. அவ்வுயிர்களின் உடலில் தங்கும் பாசியினம், சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி அவற்றுக்கு அளிக்கிறது. ஆதலின் நீர் கலங்கினாலும் மிகுதியாகச் சூடேறினாலும் பவளம் நலியும். பாறையின் இடுக்குகளிலோ மீன்கள் ஒதுங்கிப் பெருகுகின்றன.

பிலிப்பைன்ஸ் நாட்டில் நெக்ரோஸ் தீவின் அருகே, சுமார் 74 ஹெக்டேர் பரப்புள்ள ஆப்போ என்னும் தீவு உள்ளது. மக்களின் முதன்மைத் தொழில் மீன்பிடித்தல். வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிக்கும் தீய வழக்கம் அந்நாட்டுக் கடல்களில் பரவியதால் பாறைகள் சிதைந்து, மீன்வளம் குன்றி வந்தது. சில்லிமன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஏஞ்சல் அல்காலாவும் அவர்தம் குழுவினரும் ஊராரோடு பன்முறை கலந்து பேசினர். 1982-ஆம் ஆண்டில், கரையோரமாகச் சுமார் 450 மீட்டர் நீளமுள்ள பகுதியில் எவரும் மீன் பிடிப்பதில்லை என ஊரார் முடிவு செய்தனர். காவற்பொறுப்பையும் தாமே ஏற்றனர்.

பிடிக்கும் இடம் குறைந்தால் வயிற்றுக்கு என்ன வழி என்ற ஐயம் எவர்க்கும் எழும். ஆனால், காத்த இடத்தில் மீன்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி, அடுத்துள்ள நீரிலும் பரவின.

பின்னர், நீர்மூழ்கிப் பார்ப்போர் பிற நாடுகளிலிருந்து வரலாயினர். இவர்கள் அழுத்தி அடைத்த காற்றுள்ள சிலிண்டரை முதுகில் சுமந்து இறங்குகின்றனர். 10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்காகும். ஆகவே மூச்சை அடக்காமல், மெதுவாகவே மேலெழ வேண்டும். வண்ண மீன்களையும் ஆமைகளையும் காண அவர்கள் செலுத்தும் கட்டணத்தின் பெரும்பகுதி, கடற்காவலுக்கும் தீவின் தேவைகளுக்கும் உதவுகிறது. நங்கூரம் பட்டாலும் கால் பட்டாலும் பவளம் முறியும். ஆதலால் படகுகளை மிதவைகளிலேயே கட்டுதல் நன்று.

மறுபக்கத்தையும் காண்போம். செபு தீவை அடுத்த சுமிலோனில் 1974-ஆம் ஆண்டிலேயே இத்தகைய காப்பிடம் ஏற்பட்டது. 1984-இல் காவல் குலைந்தது, வலைகள் நுழைந்தன. இரண்டே ஆண்டுகளில் மீன்பிடிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இடம் நிறைந்திருந்தது, காவல் இல்லை.

காவல் எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதும் உண்மையே. 2011, 2012 டிசம்பர் மாதங்களில் வீசிய புயல்கள் ஆப்போவின் காப்பிடப் பவளங்களைப் பெரிதும் உடைத்தன. எனினும் புயல் உடைத்ததை இயற்கை மெல்ல மீட்கும். நாள்தோறும் மனிதன் உடைப்பதை மீட்க அதற்கு அவகாசமே இராது.

நமது மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறைகள் 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ளன. சட்டம் வேலி போன்றது. வேலியின் உள்ளே பயிரைக் காப்பது ஊராரின் உறுதியே. கடலாயினும் கண்மாயாயினும், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஊரைக் கூட்டிப் பேசி ஒருமனப்படச் செய்வதே முதற்பணி எனக் கருதுகிறோம்.