விரியன் விஷத்துக்குப் பிறகு சிறுநீரகம் தழைப்பது எப்படி?

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் சமயநல்லூரைத் தாண்டி வாடிப்பட்டி, சோழவந்தான் வரை போனால் நெல்வயலும் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும்தான். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் வெறுங்காலோடு வரப்பில் நடக்கிறார், மிதித்துவிடுகிறார். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பெரும்பாலோர் கிராமத்தவர்கள்.

கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் செய்யப்படும் சோதனை மிக எளிது. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடினால், விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றப்படும். அதைத் தயாரிக்க வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978இல் தொடங்கிய சங்கம் அது.

ஆனால் விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் முறிக்கும். சிறுநீரகத்தில் அதற்குள் நேர்ந்துவிட்ட சேதத்தைச் சரிசெய்யாது. ரத்த அழுத்தம் சரிகிறது. நுண்ணிய நாளங்களில் ரத்தம் அடைத்துக்கொள்கிறது. விஷமும் நேரடியாகத் தாக்குகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானின் குழாய்களில், உட்சுவரில் இருக்கும் செல்கள் செத்து உதிர்கின்றன. சிறுநீர் குறைகிறது, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுகிறது, டயாலிசிஸ் தொடங்குகிறது. ‘மிஷின்ல போட்டுக் குணமாக்கிட்டாங்க’ என்று சொந்தக்காரர்கள் சொல்வதுண்டு. மிஷின் தருவது அவகாசம் மட்டுமே. பழுதுபார்ப்பது சிறுநீரகம்தான்.

அது எப்படி நடக்கிறது? வெளியிலிருந்து ஸ்டெம் செல்கள் வந்து சரிசெய்கின்றனவா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 2008இல் ஹார்வர்டில் பெஞ்சமின் ஹம்ஃப்ரீஸ், ஜோசப் பான்வென்டர் குழுவினர் எலிகளின் குழாய்ச் செல்களுக்கு மரபணு அடையாளமிட்டு, காயத்துக்குப் பிறகு அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். தப்பிப் பிழைத்த குழாய்ச் செல்களே வேலையைச் செய்வது தெரிந்தது. அவை தம் வழக்கமான வடிவத்தை விட்டுத் தட்டையாகி, வெறுமையான சுவரில் பரவி, இரண்டிரண்டாகப் பிரிந்து, மறுபடி பழைய உருவுக்குத் திரும்புகின்றன. முற்றிலும் புதிய நெஃப்ரான் மட்டும் மனிதருக்கு முளைக்காது. தாய் வயிற்றில் சுமார் 36 வாரத்தோடு அந்த உற்பத்தி நின்றுவிடுகிறது.

காயம் கடுமையானால் சில செல்கள் பிரியத் தயாராகி, பிரியாமல் பாதியில் நின்றுவிடுகின்றன. 2010இல் பான்வென்டர் குழு கண்டறிந்தது இதைத்தான். அப்படி நிற்கும் செல்கள் வடுத் திசுவைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. ஒருமுறை வந்து போன சேதம் நாள்பட்ட சிறுநீரக நோயாக மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே நல்ல மருந்து செல்லைப் பிரியத் தூண்டினால் மட்டும் போதாது, தொடங்கிய வேலையை முடிக்கவும் வைக்க வேண்டும்.

அப்படி ஒன்றை அமெரிக்காவில் பிட்ஸ்பர்க், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேல் வேலை செய்யும் ஒரு நொதியைத் தடுக்கும் மருந்து அது. சோதிக்கப்பட்ட உயிர்களில் ஒன்று நம் துணைக்கண்டத்து ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீன். எலிகளில் அந்த மருந்து பாதியில் நின்ற செல்களின் எண்ணிக்கையைக் குறைத்தது, வடுவையும் குறைத்தது. சிங்கப்பூரின் டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரியில் அனிசா விட்ஜாஜாவும் ஸ்டூவர்ட் குக்கும் வேறு வழியில் போனார்கள். காயம்பட்ட குழாய்ச் செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-11 என்ற புரதத்தை எதிர்ப்புரதம் கொண்டு தடுத்தபோது, எலிகளின் சிறுநீரகம் தேறியது. இது வெளியானது 2022இல்.

மனிதரிடம் கதை வேறு. வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-1 நோயாளிகளை வேகமாகத் தேற்றவில்லை என்று 1999இல் தெரிந்தது. இதய அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் சோதித்த டிஎச்ஆர்-184 மருந்தும் 2018இல் கைவிரித்தது. பழுதடைந்த சிறுநீரகச் செல்களை வளர்க்கவென்று ஏற்கப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை.

இத்தகைய சோதனைகளுக்கு இதய அறுவை சிகிச்சை நோயாளிகளைத் தேடுவதற்கு வலுவான காரணம் உண்டு: அறுவையின்போது சிறுநீரகம் எந்த மணிக்கு அடிபட்டது என்பது துல்லியமாகத் தெரியும். பாம்புக்கடியிலும் அப்படியே. கடித்த நேரத்தைக் கேட்டு எழுதுவதுதான் முதல் குறிப்பே. கடிபடுகிறவர்களில் நடுத்தர வயதும் இளவயதும் அதிகம். முந்தைய நாள் வரை வயலில் உழைத்த உடம்பு. செல் வளர்ச்சி மருந்துக்கு இதைவிடப் பொருத்தமான நோயாளியை எங்கே தேடுவது? 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு கடியையும் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவேட்டின் மேல்தான் இங்கே மருந்துச் சோதனைகளைக் கட்ட முடியும், கட்டவும் வேண்டும்.

மருந்து வரும்வரை செய்யக்கூடியதும் இருக்கிறது. திடீர்ச் சேதத்திலிருந்து மீண்டவரை 3 மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கச் சொல்கிறது 2012ஆம் ஆண்டின் சர்வதேச சிறுநீரக வழிகாட்டி. சிறுநீர் நன்றாகப் போகிறது, வேலைக்கும் போகிறோம் என்றாலும், கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்கப்பட வேண்டும். உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள், தேறிவரும் அதே செல்களை மறுபடி அடிக்கக்கூடியவை.