இரண்டாவது திரை: வாங்கும் முன் போர்ட்டைப் பாருங்கள்

2020 ஏப்ரலில் தொடங்கிய கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டத்தின்போது வீவக வீடுகள் பலவற்றின் சாப்பாட்டு மேசை அலுவலகமாக மாறியது. வேலையிட நீக்குப்போக்கு ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருப்பதால், அந்த மேசைக்கு இன்னும் ஓய்வு இல்லை. மடிக்கணினியின் சிறிய திரையில் ஒரு பக்கம் கணக்கு அட்டவணை, மறுபக்கம் காணொளிக் கூட்டம் என்று அல்லாடுவோருக்கு இன்னொரு திரை பெரும் வசதி.

தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்திலுள்ள சிம் லிம் ஸ்குவேருக்குப் போனால் ‘யுஎஸ்பி அடாப்டர்’ விதவிதமாகக் கிடைக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அவை செயல்படும் விதம் இரண்டு.

முதல் வகை, படத்தை அப்படியே கடத்துவது. மடிக்கணினியின் யுஎஸ்பி-சி போர்ட்டில் ‘டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்’ வசதி இருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். போர்ட்டின் வடிவம் சரியாக இருந்தாலும் அந்த வசதி இல்லாமல் போகலாம். கணினி மாடலின் விவரக்குறிப்பைப் பார்ப்பதே சரியான வழி.

இரண்டாவது வகையில் ‘டிஸ்பிளேலிங்க்’ போன்ற சில்லு இருக்கும். முழு எச்டி திரையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 60 முறை அவற்றைப் புதுப்பிக்க ஏறத்தாழ 300 கோடி பிட் தரவு போகவேண்டும். பழைய யுஎஸ்பி 2.0 தாங்குவது 48 கோடி பிட்தான். அதனால் கணினியிலுள்ள மென்பொருள் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. அடாப்டரின் சில்லு அதை விரித்துத் திரைக்குத் தருகிறது. சதுர மூலைகள் கொண்ட சாதாரண யுஎஸ்பி போர்ட்டிலும் இது இயங்கும். போர்ட் யுஎஸ்பி 3.0 ஆக இருந்தால் நல்லது.

எம்1, எம்2 சில்லு கொண்ட மேக்புக் ஏர் நேரடியாக ஏற்பது ஒரே ஒரு வெளித்திரையைத்தான். இரண்டு வெளித்திரைகள் வேண்டுமென்றால் டிஸ்பிளேலிங்க் கைகொடுக்கும். ஆனால் மேக் கணினியில் ‘திரைப்பதிவு’ அனுமதி தரவேண்டும். அந்த அனுமதி இருக்கும்போது நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களில் படம் ஓடாமல் கறுப்புத் திரை மட்டும் தெரியலாம். வேகமான கணினி விளையாட்டுகளுக்கும் இவ்வகை பொருந்தாது.

இன்னொரு தடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த மென்பொருளைப் பதிவேற்ற நிர்வாகி அனுமதி தேவைப்படலாம். நிறுவனம் தந்த மடிக்கணினியில் தகவல் தொழில்நுட்பப் பிரிவைக் கேட்காமல் எதையும் பதிவேற்றாதீர்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனங்களிலும் நிர்வகிப்பு மென்பொருள் உள்ளது. பிள்ளைக்காக வாங்கும் பெற்றோர் முதலில் பள்ளியைக் கேட்பது நல்லது.

கடையில் கேட்கவேண்டியவை:

* என் மாடலுக்கு இது பொருந்துமா, மென்பொருள் தேவையா?
* 4கே திரையில் 60 ஹெர்ட்ஸ் வருமா? 30 என்றால் சுட்டியின் அசைவே மந்தமாகத் தெரியும்.
* மடிக்கணினிக்கு மின்னூட்ட ஒரே ஒரு போர்ட்தான் என்றால், அடாப்டர் வழியாகவே மின்னூட்ட முடியுமா?

பொருந்தும் என்று கடைக்காரர் உறுதி சொன்னால், கணினியின் மாடலையும் சேர்த்து ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள ‘லெமன் சட்ட’ விதிகளின்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை பொதுவாக ஆரம்பத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். கடைக்காரர் மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். எழுத்தில் இருக்கும் வாக்குறுதி அப்போது கைகொடுக்கும்.

வீட்டுக்கு வந்து இணைத்ததும் இரு திரைகளிலும் ஒரே படம் தெரிந்தால் பதற்றம் வேண்டாம். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையுடன் ‘பி’ எழுத்தை அழுத்தி, திரையை நீட்டிக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். புதுத் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கட்டும். குனிந்தே வேலை செய்த கழுத்துக்கும் சற்று ஓய்வு கிடைக்கும்.