நிழலே மீட்டர்

1858-இல் லினேயஸ் டிரைப் என்ற ராணுவக் கேப்டன் புதுக்கோட்டையைப் படமெடுத்துத் தனி ஆல்பமாகவே வெளியிட்டார். சென்னை மாகாண அரசு நியமித்த புகைப்படக்காரர் அவர். ஒளியை அளக்கும் மின்கருவி எதுவும் அவரிடம் கிடையாது. அப்போது அப்படியொன்று உலகத்திலேயே இல்லை. லென்ஸ் மூடியைக் கழற்றி, காத்திருந்து, திரும்ப மூடுவார். எவ்வளவு நேரம் என்பதை வெயில் சொல்லும். ஒளிபட்டால் மின்சாரம் பிறக்கும் செல்லை வைத்த லைட் மீட்டர்கள் 1930-களில்தான் கடைக்கு வந்தன.

ஆகவே பரணில் ஒரு யாஷிகா 635 கேமரா கிடைத்து, அதில் மீட்டர் இல்லையே என்று கையைப் பிசைய வேண்டியதில்லை. 120 ரோலில் 12 படம், நொடியில் 500-இல் ஒரு பங்கு வரை வேகம் உள்ள ஷட்டர், பேட்டரியே தேவையில்லை. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 இன்னும் எளிமை: ஒரே ஷட்டர் வேகம், வெயில், மேகம் என்பதற்கு ஏற்பத் துளையை மாற்றினால் போதும். அதைக் கொண்டே ஒரு தலைமுறை குடும்ப ஆல்பங்களை நிரப்பியது.

மீட்டர் இல்லையென்றதும் பலர் செய்வது, சுற்றுமுற்றும் பார்த்து ‘நல்ல வெளிச்சம்தான்’ என்று முடிவுகட்டுவது. அங்கேதான் ரோல் வீணாகிறது. உச்சி வெயிலில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் ஒளி இருக்கும். வீட்டுக் கூடத்தில் சில நூறுதான். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் கண்மணி சுருங்கி விரிந்தும், விழித்திரை தன் கூர்மையைக் கூட்டிக் குறைத்தும் இரண்டையும் நமக்கு ஏறத்தாழ ஒன்றாக்கிவிடுகின்றன. பார்ப்பதற்கு இது வரம். அளப்பதற்கு இதைவிட மோசமான கருவி கிடையாது. அதே கண், நிழலின் விளிம்பு கூர்மையா மழுப்பலா என்பதை மட்டும் துல்லியமாகச் சொல்லிவிடும். எனவே வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், நிழலைப் பாருங்கள்.

பழைய ஃபிலிம் பெட்டிகளில் அச்சிட்டிருந்த கணக்கு இதுதான். ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண் எதுவோ அதற்கு மிக நெருக்கமானதே ஷட்டர் வேகம்: 100 ஃபிலிமுக்கு 1/125, 400-க்கு 1/500. தரையில் விழும் உங்கள் நிழல் கத்தரித்தது போலக் கூர்மையாக இருந்தால் துளை எஃப்/16. விளிம்பு மங்கினால் 11. நிழல் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தால் 8. ஐப்பசி மேகத்தில் நிழலே இல்லையென்றால் 5.6. வானம் தெரியும் திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ ஆள் உட்கார்ந்திருந்தால் 4. ஒவ்வொரு படிக்கும் உள்ளே நுழையும் ஒளி இரட்டிக்கிறது. இந்தக் கணக்கு பொருளின் மேல் விழும் ஒளியைச் சொல்வது. கேமராவுக்குள் இருக்கும் மீட்டரோ பொருளிலிருந்து திரும்பும் ஒளியை அளந்து, கருங்கல் தூணையும் வெள்ளை வேட்டியையும் ஒரே சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அந்த ஏமாற்று இதில் இல்லை.

நம் ஊருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. புதுக்கோட்டை ஏறத்தாழ பத்தரை டிகிரி வடக்கில் இருப்பதால் மார்கழி நண்பகலிலும் சூரியன் 56 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதே நாளில் லண்டனில் 15 டிகிரிதான். குளிர்காலத்துக்கென்று ஐரோப்பியக் கையேடுகள் தரும் தனிப் பட்டியல் நமக்கு வேண்டாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீண்டால் ஒரு படி திறங்கள், போதும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது கணக்கு தப்பாது, படம்தான் கெடும்: புருவ நிழல் விழுந்து கண்கள் இரண்டும் குழியாகிவிடும். ஆளை மரத்தடிக்குக் கூட்டிப்போய் எஃப்/4 வையுங்கள்.

கோயில்களுக்கும் நேரம் பார்க்கவேண்டும். நார்த்தாமலை விஜயாலய சோழீஸ்வரம், கொடும்பாளூர் மூவர் கோயில், சித்தன்னவாசல் அறிவர் கோயில் மூன்றுமே மேற்கு பார்த்தவை. காலையில் போனால் முகப்பு நிழலில் கிடக்கும். பின்னால் வானம் மட்டும் பளீரென்று இருக்கும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் வெயில் முகப்பில் சாய்வாக விழுந்து, சிற்பங்களின் மேடுபள்ளம் தெரியத் தொடங்கும்.

மண்டபத்துக்குள் நுழைந்தால் நிழல் உதவாது. அங்கே வெள்ளியின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்புப் படிகத்தில் ஒளி பட்டதும் வெள்ளி அணுக்கள் உருவாகின்றன. ஏறக்குறைய நான்கு அணுக்களாவது ஓரிடத்தில் சேர்ந்தால்தான் டெவலப்பர் அந்தப் படிகத்தைக் கருப்பாக்கும். தனி அணு நிலைக்காது, கலைந்துவிடும். அதனால் ஒளி போதாத இடம் நெகடிவில் மங்கலாக அல்ல, வெறுமையாகவே இருக்கும். எந்த டார்க் ரூமிலும் மீட்க முடியாது. ஒளி சொட்டுச்சொட்டாக வரும்போது முதல் அணு கலைந்த பிறகே அடுத்தது வருகிறது. ஆகையால், கணக்குப்படி சில நொடி என்றால் அதைவிடக் கூட்டியே கொடுக்கவேண்டும். எவ்வளவு என்பது ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும். அதிகமான ஒளியைக் கருப்பு வெள்ளை நெகடிவ் இரண்டு படி வரை பொறுத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் திறப்பதே நல்லது. (ஸ்லைடு ஃபிலிமுக்கு இந்தத் தாராளம் ஆகாது.)

பழைய ஷட்டரின் சோம்பலும் இதே பக்கம்தான் சாய்கிறது. கிரீஸ் இறுகிப்போனால் 1/500 என்று எழுதியிருப்பது அதைவிட மெதுவாகத்தான் ஓடும். ஒளி கூடும், குறையாது. ஒரு நொடி வேகத்தில் வைத்து ஓசையைப் போனில் பதிந்து கேட்டால் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும். நடுவில் நின்றே விட்டால் ரோல் போடும் முன் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

இந்த மாவட்டத்தில் கேமராவோடு நிற்பவருக்கு உண்மையான பரீட்சை தை மாத ஜல்லிக்கட்டு வாடிவாசல். 400 ஃபிலிம், 1/500. காலை எட்டு மணிக்கு நிழல் ஆள் உயரத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கும்: எஃப்/11. ஒன்பது மணிக்கு இரண்டு மடங்குக்குள் சுருங்கிவிடும்: எஃப்/16. புழுதி கிளம்பி நிழல் விளிம்பு மழுங்கினால் மறுபடி 11. காளை வெளியே வந்தபின் துளையைத் திருப்பவெல்லாம் நேரமிருக்காது. அடுத்த மாட்டின் பெயரை மைக்கில் அறிவிக்கும்போதே தரையைப் பார்த்து வைத்துக்கொண்டு, ரோலில் எத்தனை மிச்சம் என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.