பலாங்கொடைக் கறுப்புக் கல்

ஊரில் கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் பெற்றோமக்ஸ் கொளுத்திய காலம் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மென்ரில் துணி எரிந்து சாம்பலான பிறகும் வெள்ளையாய் ஒளிவிட்டதற்குக் காரணம் அதில் ஊறியிருந்த தோரியம். தோரியம் நிறைந்த கல்லொன்று இலங்கையில் அகப்பட்ட கதையைச் சென்ற மாதம் வானொலியில் சொன்னேன். நேரம் போதாமல் விட்டதை இங்கே சேர்க்கிறேன்.

கலாயோகி ஆனந்த குமாரசாமியைக் கலை அறிஞராகவே நாம் அறிவோம். ஆனால் அவர் லண்டன் யூனிவர்சிற்றி கொலிஜ்ஜில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்தவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக இருந்தார். 1904 இல் பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கச் சரளையில், சிறிய கனசதுரமாய், கையில் பாரமான கறுப்புக் கற்கள் கிடைத்தன. யுரேனியக் கல்லென்றே முதலில் அவரும் எண்ணினார். லண்டன் இம்பீரியல் இன்ஸ்ரிரியூற்றில் டன்ஸ்ரன் பகுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

கல்லைப் பகுப்பது எப்படி? பொடியாக்கி நிறுத்து, நைத்திரிக் அமிலத்தில் கரைப்பார்கள். ஒட்சாலிக் அமிலம் விட்டால் தோரியம் வெள்ளைப் படிவாக அடியில் இறங்கும். அதை வடித்து, மூசையில் சிவக்கக் காய்ச்சி மறுபடி நிறுப்பார்கள். இப்படி ஒவ்வொன்றாய்ப் பிரித்து வீதம் போட்டால், கூட்டுத்தொகை நூறுக்குக் கிட்ட வரவேண்டும். வராவிட்டால் ஏதோ தப்பிவிட்டது. நாங்கள் பரீட்சை மீதி பார்ப்பதும் இதே வேலைதான். ஐந்து சதத்துக்காக ஓர் இரவு முழுக்க முழித்தவன் நான்!

அந்தக் கல்லில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு. அது புதிய கனிப்பொருள். தோரியனைற் என்று பெயரிட்டார்கள்.

இனித்தான் மொன்றியல் வருகிறது. 1905 இல், குமாரசாமி படித்த அதே லண்டன் கல்லூரியில், ராம்சேயின் ஆய்வுகூடத்தில், ஒட்டோ ஹான் என்ற ஜேர்மன் இளைஞர் இந்தக் கல்லிலிருந்து எடுத்த உப்பில் றேடியத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். றேடியத்தின் கணக்கில் சேராத ஒரு கதிர்வீச்சு மிஞ்சி நின்றது. அதை விடாமல் துரத்தி, றேடியோதோரியத்தைக் கண்டார். அந்த இலையுதிர் காலமே மக்கில் பல்கலைக்கழகத்துக்கு, றதபோர்ட்டிடம் வந்தார். றதபோர்ட் முதலில் சந்தேகப்பட்டார், பிறகு ஒப்புக்கொண்டார். இந்த ஹான்தான் அணுப்பிளவுக்காக 1944 ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர்.

பிள்ளைகளின் புத்தகத்தில் ஹானும் றதபோர்ட்டும் வருவார்கள். பலாங்கொடை வராது. சரளை கழுவிய தொழிலாளியின் பெயர் எங்குமே வராது.

அவர்கள் வேலை செய்த மக்டொனால்ட் பௌதிகவியல் கட்டடம் இன்றும் மக்கில் வளவில் நிற்கிறது. பார்க் எக்ஸ்டென்ஷனில் பஸ் ஏறினால், பார்க் அவெனியூவால் நேரே கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.