இறக்கையில் ஓட்டை விழுந்தால்

2018 அக்டோபர் 12 அதிகாலை. திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மதிற்சுவரை இடித்துக்கொண்டு மேலேறியது. அடிவயிற்றுத் தகடு கிழிந்துபோனது. அப்படியே 136 பேருடன் ஏறக்குறைய நான்கு மணி நேரம் பறந்து மும்பையில் பத்திரமாக இறங்கியது. விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது வயிறு அல்ல, இறக்கை. கிழிசல் அங்கே விழுந்திருந்தால் விமானிக்கு வேலை இன்னும் கடினமாகியிருக்கும்.

பறக்கும்போது இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறைவு, அடியில் அதிகம். விமானத்தை ஏந்துவது இந்த வித்தியாசம். ஓட்டை விழுந்தால் அந்த அளவு பரப்புதானே நஷ்டம் என்று தோன்றும். கணக்கு அங்கே முடிவதில்லை. அடிக்காற்று ஓட்டை வழியே மேலே பீறிடுகிறது. ஓட்டை சிறிதென்றால் அது மேற்பரப்பை ஒட்டியே பின்னால் ஓடிவிடும், பெரிய பாதிப்பில்லை. ஓட்டை பெரிதென்றால் பீறிடும் காற்று நிமிர்ந்து எழும். எதிரே வரும் காற்று அதில் மோதி, பரப்பை விட்டு விலகிச் சுழலும். தூக்குவிசை குறையும், இழுவை கூடும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் மாதிரி இறக்கைகளைத் துளைத்து, காற்றுச் சுரங்கத்தில் வைத்து இதையெல்லாம் அளந்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஓட்டை நேரத்துக்கு நேரம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தரையிறங்க வேகத்தைக் குறைத்து மூக்கை உயர்த்தும்போது, காற்று இன்னும் நிமிர்ந்து பீறிடும். அடிபட்ட இறக்கைப் பக்கம் விமானம் சாயப் பார்க்கும். அதனால்தான் விமானிகள் நல்ல உயரத்திலேயே வேகத்தை மெல்லக் குறைத்து, எதுவரை விமானம் சொன்னபடி கேட்கிறது என்று பார்த்துக்கொண்டு, வழக்கத்தைவிடச் சற்று வேகமாகவே இறக்குவார்கள். உள்ளே இருக்கும் எரிபொருள் தொட்டியும் தாங்குசட்டமும் அடிபட்டிருந்தால் அது வேறு ஆபத்து.

துணி போர்த்திய இறக்கைகளில் ஓட்டை இருந்த அளவிலேயே நிற்காது. காற்று அதைக் கிழித்துக்கொண்டே போகும். 1958இல் முதன்முதலாகப் பறந்த பெங்களூரு எச்.ஏ.எல். தயாரிப்பான புஷ்பக், அப்படித் துணி போர்த்திய பயிற்சி விமானம். இத்தகைய விமானங்களில் கிழிசலைத் தைத்து, மேலே ஒட்டுத்துணி வைத்து, துணியை இறுக்கும் ‘டோப்’ பூச்சைப் பூசுவார்கள். ஒட்டுத்துணியின் ஓரத்தை ரம்பப் பல்லாக வெட்டுவது வழக்கம். நேராக வெட்டினால் பாவிலும் ஊடையிலும் இழை பிரிந்து வரும். தறிக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரிந்த ஓரத்தைக் காற்று பிடித்துக்கொண்டால் ஒட்டே உரிந்துவிடும்.